நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு மூச்சு

நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். வேளச்சேரியில் வீடு, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, இரண்டு பிள்ளைகள், இருபது வருட வீட்டுக்கடன், கூடவே மாமியார். மைண்ட்ஃபுல்னஸ் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், மனசு அடங்கவே இல்லை, விட்டுவிட்டீர்கள். புத்தர் சொன்னதெல்லாம் வீட்டை விட்டுப் போனவர்களுக்குத்தானே, எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

இதே கேள்வியை புத்தரிடமே ஒருவர் நேராகக் கேட்டிருக்கிறார். திகஜாணு என்று பெயர், கோலிய நாட்டுக்காரர். நாங்கள் வீடு, பிள்ளை குட்டி என்று வாழ்கிறவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறோம், மாலை போட்டுக்கொள்கிறோம், பொன்னும் வெள்ளியும் புழங்குகிறோம், எங்களுக்கு இந்தப் பிறவியிலேயே நல்லது நடக்கும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார். புத்தரின் உரைகளைத் தொகுத்த நிகாயங்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. புத்தர் அவரை முதலில் துறந்து வா என்று சொல்லவில்லை. நாலு விஷயம் சொல்கிறார்: செய்கிற தொழிலை முயற்சியோடும் திறமையோடும் செய், சம்பாதித்ததைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவுக்கேற்ற செலவு செய். கடைசி விஷயத்துக்கு தராசு பிடிக்கிறவனை உதாரணம் காட்டுகிறார், தட்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கும் இல்லையா, அது மாதிரி வரவும் செலவும் தெரிந்திருக்க வேண்டும் என்று. இந்த நாலில் தியானம் என்ற பேச்சே வரவில்லை. இன்னோர் இடத்தில், சிகாலன் என்ற இளைஞனுக்கு, வருமானத்தை நாலாகப் பிரிக்கச் சொல்கிறார்: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலில் போட, நாலாவது பங்கு ஆபத்து வந்தால் எடுக்க. வீட்டில் இருப்பவனுக்குக் கிடைக்கும் சுகங்கள் என்று அனாதபிண்டிகர் என்ற வணிகரிடம் நாலைச் சொல்லும்போது, கடன் இல்லாமல் இருப்பதை அதில் ஒன்றாக வைத்தார். இருபது வருட ஈஎம்ஐ கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கடனை ஒரே நாளில் அடைக்க முடியாது, சரி. ஆனால் கடன் மேல் கடனாக இன்னொரு போன், இன்னொரு கார் என்று போகிற இடத்தில் நின்று யோசிக்கலாம். அந்த நிற்கிற வேலையைப் பற்றித்தான் நான் மீதியை எழுதப் போகிறேன்.

முதலில் "மனசு அடங்கவில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம், பத்துப் பேரில் ஒன்பது பேர் விடுவது இந்த இடத்தில்தான். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று சொல்வதற்கு, புத்தரின் உரைகள் இருக்கும் பாலி மொழியில் உள்ள சொல் ஸதி. வடமொழியில் ஸ்மிருதி, அதாவது நினைவு. அமைதி என்றோ, வெறுமை என்றோ, ரிலாக்ஸ் என்றோ அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. இப்போது என்ன நடக்கிறது என்பதை மறக்காமல் இருப்பது, அவ்வளவுதான். இதற்குப் பக்கத்திலேயே அப்பமாதம் என்று ஒரு சொல் உண்டு, அசட்டையாக இல்லாமல் இருப்பது என்று பொருள், புத்தரின் கடைசி வாக்கிலேயே அது வருகிறது. நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெளியே போக வேண்டியதே இல்லை. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 54-வது அதிகாரம், மறவாமை என்று அர்த்தம். எனக்கு ஸதி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைத்ததில்லை. ஆக நீங்கள் உட்கார்ந்த பத்து நாளும் மனசு ஓடியது, ஓடியதை நீங்கள் கண்டீர்கள், மூச்சுக்குத் திரும்பினீர்கள், மறுபடி ஓடியது. பயிற்சி சரியாகத்தான் நடந்திருக்கிறது! ஓடிய மனசைக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடிதான் ஸதி. அடங்குவது பின்னால் வரலாம், சில நாள் வராமலும் போகலாம்.

இதை எதற்காகச் செய்கிறோம் என்பது தெரியாவிட்டால் எந்த ஆப் போட்டாலும் பத்து நாள்தான். எனக்கு அது புரிந்தது மணிமேகலையில். பள்ளியில் அமுதசுரபி, ஆபுத்திரன், "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற வரி, இவ்வளவோடு நமக்கு அந்தக் காப்பியம் முடிந்துவிடுகிறது. ஆனால் கடைசிக் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குச் சொல்லும் பாடம்தான் மொத்தக் காப்பியமும் போய்ச் சேரும் இடம். துன்பம் எப்படி உண்டாகிறது என்பதைச் சங்கிலி மாதிரி பன்னிரண்டு கண்ணிகளாகச் சாத்தனார் சுத்தத் தமிழில் வைத்திருக்கிறார். அதில் நடுவில் இருக்கும் நாலு கண்ணிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று. ஊறு என்றால் தொடுதல், கண்ணில் உருவம் படுவது, காதில் சொல் விழுவது. நுகர்ச்சி என்றால் அது பட்டவுடன் உள்ளே எழும் இனிப்பு அல்லது கசப்பு, அல்லது இரண்டுமில்லாத ஒன்று. வேட்கை என்றால் வேண்டும், இன்னும் வேண்டும் என்றும், வேண்டாம், தள்ளிப்போ என்றும் எழுவது. பற்று என்றால் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது.

ஊறு நம் கையில் இல்லை. கண்ணும் காதும் இருக்கிற வரை ஏதாவது வந்து படத்தான் செய்யும். நுகர்ச்சியும் கையில் இல்லை, திட்டினால் கசக்கும், அது புத்தருக்கே முதுகு வலித்த மாதிரிதான் (வலித்திருக்கிறது, முதுகு வலிக்கிறது, நீ மீதியைச் சொல்லு என்று தன் சீடர் சாரிபுத்தரிடம் உபதேசத்தை ஒப்படைத்துவிட்டுப் படுத்துக்கொண்டதாக நிகாயங்களிலேயே இருக்கிறது). வேலை இருப்பது நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவில். கசக்கிறது என்பது தெரிந்த பிறகு, "பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று எழுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு அது தெரியவே தெரியாது, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே வரும். உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது எல்லாம் அந்த இடைவெளியைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்காக.

போனை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் கிடக்கிறது, டிங் என்று ஒரு சத்தம். ஊறு. உடனே நெஞ்சுக்குள் ஒரு சின்னத் துள்ளல், யாரோ என்னமோ. நுகர்ச்சி. கை தானாக நீள்கிறது. வேட்கை. எடுத்துப் பார்த்தால் ஏதோ விளம்பரம், ஆனால் எடுத்தது எடுத்ததுதான், இருபது நிமிஷம் போய்விடுகிறது. பற்று. அடுத்த தடவை டிங் என்று கேட்டதும் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கை நீள்வதைப் பாருங்கள், அவ்வளவு போதும். கை நீள்கிறது என்று தெரிந்த பிறகும் எடுக்கலாம், தப்பில்லை, அலுவலக மெசேஜாகக்கூட இருக்கலாம். ஒரு வாரம் இப்படிப் பார்த்தால், அந்தத் துள்ளல் உடம்பில் எங்கே வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்கு மேல் வயிற்றில் வரும். அது எழுந்து, ஐந்தாறு நொடி இருந்து, தானாக அடங்குவதை ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டால் போனின் பிடி தளர ஆரம்பித்துவிடும், இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு சல்லத்த சுத்தம் (சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை) என்ற இரண்டு அம்புக் கதை இருக்கிறது. ஒருவனுக்கு ஓர் அம்பு தைக்கிறது, வலிக்கிறது. கூடவே இரண்டாவது அம்பும் தைக்கிறது, ஐயோ எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மனசு புலம்புவது. முதல் அம்பு உடம்புக்கு, இரண்டாவது மனசுக்கு, பழகியவனுக்கு முதல் அம்பு மட்டும்தான் என்பது எல்லோரும் சொல்லும் பகுதி. யாரும் அதிகம் சொல்லாத ஒரு வரி அதே உரையில் இருக்கிறது: பழக்கமில்லாதவன் துன்பம் வந்ததும் புலன் இன்பத்தைத் தேடி ஓடுகிறான், ஏனென்றால் துன்பத்திலிருந்து தப்பிக்க அவனுக்கு வேறு வழி தெரியாது. நாள் பூராவும் போன் கால், மீட்டிங், வீட்டுக்கு வந்தால் ஹோம்வொர்க், சமையல், எல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு உடம்பெல்லாம் அசதி, இந்த நாளில் எனக்கென்று ஒன்றுமே இல்லையே என்ற ஒரு வலி. அந்த வலியிலிருந்து தப்பிக்கத்தான் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், அது மூன்றாவது அம்பு. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷம் அந்த அசதியை அசதியாகவே உடம்பில் பாருங்கள், தோளில் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும். அப்புறம் ரீல்ஸ் பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.

ஸதியைப் பழகும் முறையைச் சொல்லும் ஸதிபட்டான சுத்தத்தைப் படித்தால் ஒன்று ஆச்சரியமாக இருக்கும். மூச்சைக் கவனிப்பது முதலில் வருகிறது, ஆனால் உடனே அது எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுகிறது: நடக்கும்போது, நிற்கும்போது, கையை மடக்கும்போது, நீட்டும்போது, உடுத்தும்போது, சாப்பிடும்போது, மெல்லும்போது, மலஜலம் கழிக்கும்போதுகூட. உட்காருவதற்குத் தனியாக நேரமில்லை என்கிறவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? இதற்கு உரை எழுதிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர், குரு நாட்டு மக்களைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். அந்த உபதேசம் நடந்த ஊர்ப்பக்கம் வேலைக்காரர்கள்கூட, தண்ணீர் எடுக்கிற துறையிலும் நூல் நூற்கிற இடத்திலும், அம்மா நீ எந்த ஸதிபட்டானம் பழகுகிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். நம் தெருவில் தண்ணி லாரி வந்து குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அப்படி ஒரு பேச்சு நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

நான் பழகியது மின்சார ரயிலில். குரோம்பேட்டையில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போகிற வேலை எனக்குப் பல வருஷம். ஏறிய பிறகு பல்லாவரத்தில் தொடங்கி பீச் வரை 15 ஸ்டேஷன். வண்டி நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூன்று மூச்சு, மறுபடி கிளம்பியதும் வழக்கமான யோசனை, பேச்சு, எது வேண்டுமானாலும். வேறு விதி கிடையாது. முதல் மாதம் திரிசூலத்தில் ஞாபகம் இருக்கும், அடுத்து நினைவு வரும்போது வண்டி எழும்பூரில் நிற்கும், நடுவில் இருந்த அத்தனை ஸ்டேஷனும் எங்கே போனது என்றே தெரியாது. கிண்டியில்தான் கஷ்டம். கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளும், யாரோ ஒருவர் பையின் பக்கிள் விலாவில் குத்தும், கோபம் சுர்ரென்று ஏறும். அந்த ஸ்டேஷனில் மூச்சை விட்டுவிட்டு விலாவையே பார்க்க ஆரம்பித்தேன். குத்துகிற இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். கோபம் மட்டும் உடம்பு முழுக்க இருந்தது. சைதாப்பேட்டை வருவதற்குள் குத்திய இடம் எது என்று தேட வேண்டியிருந்தது, கோபம் அப்படியே இருந்தது! முதல் அம்பையும் இரண்டாவது அம்பையும் நான் தனித்தனியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவராக இருந்தால் ஒன்று. ஓட்டும்போது மூச்சைக் கவனிக்காதீர்கள், ரோட்டைக் கவனியுங்கள். எண்ணெய்க் கிண்ணக் கதையில் புத்தர் சொல்வதும் இதுதான். விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய கிண்ணத்தைச் சுமந்துகொண்டு, ஊரே கூடி ஓர் அழகியின் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே ஒருவன் போக வேண்டும், ஒரு சொட்டு சிந்தினால் பின்னால் வருகிறவன் கத்தியால் தலையை எடுத்துவிடுவான். அவன் கவனம் எங்கே இருக்கும்? கிண்ணத்தில். மேடவாக்கம் பக்கம் காலை ஒன்பது மணிக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு ரோடுதான் கிண்ணம். சிவப்பு விழுந்து நின்றால் அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்கள் கேள்வியில் மூன்று வரி எடுத்துக்கொண்டது. "இன்னைக்கும் ஹோட்டல் சாப்பாடா?" என்று கேட்கிறார்கள், உங்களுக்கு அந்த ராத்திரி முழுக்க அது ஓடுகிறது. பௌத்தத்தில் இதற்குக் கொடுக்கப்படும் வழக்கமான பதில் பாரத்வாஜன் கதை: ஒருவன் வந்து புத்தரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான், வீட்டுக்கு வந்த விருந்தாளி நீ போட்ட சாப்பாட்டைச் சாப்பிடாமல் போனால் அது யாருடையது என்று இவர் கேட்கிறார், என்னுடையதுதான் என்கிறான், அப்படியானால் இந்தத் திட்டும் உன்னுடையதே, நான் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். அழகான பதில், ஆனால் ஒரே சமையலறையில் புழங்குகிறவர்களுக்கு இதை அப்படியே சொல்லித்தர எனக்கு மனசு வரவில்லை. எடுத்துக்கொள்ளவில்லை என்பது வீட்டுக்குள் பேசாமல் விறைத்துக்கொண்டு நிற்பதாக மாறிவிடுகிறது. அதைவிட, பேச்சுக்குப் புத்தர் வைத்த ஐந்து சோதனைகள் வீட்டுக்குப் பொருந்தும்: காலம் பார்த்து, உண்மையாக, மென்மையாக, பயனுள்ளதாக, அன்போடு. இந்த ஐந்தில் காலம் முதலில் வருவதைக் கவனியுங்கள். ராத்திரி எட்டரைக்கு அசதியில் பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கும்போது, "நீங்க அப்படிக் கேட்டா எனக்கு ரொம்ப வலிக்குதும்மா, வாரத்துல ரெண்டு நாள் என்னால சமைக்க முடியல" என்று சொன்னால், அதே உண்மை வேறு மாதிரி போய்ச் சேரும். எப்போதும் சேரும் என்று நான் உறுதி தரமாட்டேன். எட்டரைக்கு வாயை மூடிக்கொள்ள அந்த இடைவெளி தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் ஸ்டேஷனில் மூன்று மூச்சு.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்து நாலு வருஷம் எங்களோடு இருந்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா கேட்பார்கள், "அப்பா சாப்பிட்டாச்சா?" முதல் வருஷம் நான் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்வேன், அப்பா இல்லம்மா, செத்துப்போயிட்டார்ம்மா. ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தி அம்மாவுக்குப் புதுசு. அழுவார்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே நெஞ்சில் கல் விழுந்த மாதிரி இருக்கும், அடுத்த நொடியே அதைச் சரி செய்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒருநாள் அந்த அவசரத்தை அவசரமாகவே பார்த்தேன். சரி செய்ய வேண்டும் என்று துடித்தது அம்மாவுக்காக இல்லை, என் நெஞ்சில் விழுந்த கல்லைத் தாங்க முடியாமல். அன்றைக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன், கை ஜில்லென்று இருந்தது, தோல் பூப்போல மெலிந்து நரம்பெல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். "வெந்தயக் குழம்பு" என்றார்கள். அப்புறம் அரை மணி நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினோம், தாம்பரத்தில் முதன்முதலில் வாடகைக்கு இருந்த வீடு, கிணற்றில் விழுந்த வாளி, எல்லாம். கல் விழுவது கடைசி வரை நிற்கவில்லை. அதை அம்மா மேல் தூக்கிப் போடுவது மட்டும் நின்றது.

இதற்கு மருத்துவ உலகத்திலும் ஒரு பக்கம் உண்டு. 1979-ல் ஜான் கபாட் ஜின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு பயிற்சியாக இதைத் தொடங்கினார், இன்றைய ஆப்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க இதை ஒட்டிய பயிற்சி ஒன்று பின்னால் உருவானது, அதற்கு நல்ல பலனும் இருக்கிறது. ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு தியானம் செய்கிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய பயங்கள் பொங்கி வருகிறது, படபடக்கிறது என்றால் கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தூக்கமே போய்விட்டது, வாழவே பிடிக்கவில்லை என்கிற நிலை இருந்தால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

அப்புறம் ஆபீஸ். உங்கள் கம்பெனியில் மைண்ட்ஃபுல்னஸ் செஷன் வைத்தார்கள், அடுத்த நாளே ராத்திரி பதினொரு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால் வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மூச்சை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் எட்டு அங்கங்களில் மீதி ஏழையும் விட்டுவிட்டால் அது பௌத்தமே இல்லை. நல்வாழ்க்கைத் தொழில் என்பதும் அந்த எட்டில் ஒன்றுதான், வேலை வாங்குகிறவருக்கும் அது பொருந்தும். சிகாலனுக்குச் சொன்ன அதே உரையில் முதலாளி தொழிலாளிக்குச் செய்ய வேண்டியது என்று ஒரு பட்டியல் இருக்கிறது: சக்திக்கேற்ற வேலை கொடு, சோறும் கூலியும் கொடு, நோயுற்றால் கவனி, விசேஷமாகக் கிடைத்ததைப் பகிர்ந்துகொள், உரிய நேரத்தில் ஓய்வு கொடு. அந்தப் பட்டியலில் எங்கேயும் தொழிலாளி பொறுமையாக மூச்சு விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று இல்லை. நம் சென்னைக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அயோத்திதாசர் 1898-ல் இங்கே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை நடத்தியதும், உட்கார்ந்து அமைதி அடைவதற்காக மட்டும் இல்லை. மனிதனை மனிதன் தாழ்த்துவதற்கு எதிராகத்தான் அவர் பௌத்தத்தைக் கையில் எடுத்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்தைத் தழுவியதும் அதே காரணத்துக்காக. ஆகவே பதினொரு மணி கால் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, கோபம் வரும்போது அதைப் பார்ப்பது, அந்தச் சூட்டில் மெயில் அனுப்பாமல் இருப்பது, மறுநாள் காலையில் தெளிவாக, ஒன்பது மணிக்கு மேல் என்னால் வர இயலாது என்று எழுதி அனுப்புவது. முடிந்தால் கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியம் போய்ப் பாருங்கள். அங்கே அமராவதிச் சிற்பங்களில் வட்டமான ஒரு பலகை இருக்கிறது, நளகிரி யானைக் கதை. மதம் பிடித்த யானையை புத்தர் மேல் ஏவிவிட்ட கதை. வட்டத்தின் ஒரு பக்கம் யானை ஆட்களைத் துவம்சம் செய்துகொண்டு வருகிறது, மாடத்திலிருந்து ஜனங்கள் பதறிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்துக்குள் இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டிருக்கிறது. சிற்பி யானையை இரண்டு தடவை செதுக்கியிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் இது ரெண்டும் ஒரே யானையா என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கிருந்து கென்னட் லேன் பக்கம்தான், மகாபோதி சங்கம் அங்கே இருக்கிறது, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது, கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடப்பது. கட்டணம் கிடையாது, முன்பு பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு கிடையாது, முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நல்ல அனுபவம், ஆனால் இப்போது போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பத்து நாள் போனால் பாதி மனசு வீட்டில்தான் இருக்கும். முதலில் ஆறு மாதம் வீட்டிலேயே பழகுங்கள். ஏற்கனவே மனநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தால், அந்த முகாம் அவர்களுக்கானது இல்லை என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள், விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது.

பெரியவனுக்குப் பத்து வயசு, அவனுக்கு என்ன சொல்லித்தருவது என்ற கேள்விக்கு புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார், பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் பையன். அப்படியே ஒன்றைச் செய்வதற்கு முன்னால், செய்யும்போது, செய்த பிறகு, மூன்று தடவையும் பார்த்துக்கொள், உனக்கோ மற்றவர்களுக்கோ இது துன்பம் தருமா என்று. தம்பியை அடித்த பிறகு, ஏன்டா அடிச்சே என்று கத்துவதற்குப் பதிலாக, "அடிக்கிறதுக்கு முன்னாடி உனக்கு எங்க சூடாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், காதைத் தொட்டுக் காட்டுவார்கள்.

உங்களுக்கு நாளைக் காலை ஒரே ஒரு வேலை. ஐந்தரைக்குப் பால் காய்ச்சுகிறீர்களே, அப்போது போன் படுக்கையறையிலேயே இருக்கட்டும். அடுப்பு முன்னால் நின்று பால் பொங்கி வரும் வரை பாலையே பாருங்கள். ஓரத்தில் முதலில் சின்னச் சின்னக் குமிழ் கட்டும், அப்புறம் ஆடை கொஞ்சம் தூக்கும், அந்த நேரத்தில் மனசு ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்கோ டிபன் பாக்ஸுக்கோ ஓடும், ஓடியது தெரிந்ததும் பாலுக்குத் திரும்புங்கள். நாலைந்து நிமிஷம்தான் ஆகும். மூன்று வாரம் செய்துவிட்டு எழுதுங்கள், மாமியார் விஷயம் எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்து.